மதிலும் மருந்தும்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் தன்னைச் சுற்றி ஒரு சவ்வை எழுப்பிக்கொள்கிறது. அச்சவ்வு எதனால் நிலைபெறுகிறது? எதனால் பிரிகிறது? பிரிந்தபின் எவ்வாறு மீண்டும் கூடுகிறது? ஆய்வுக்கூடத்திற்குள் அடங்கிவிடுவனபோல் தோன்றும் இவ்வினாக்கள், மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவையும் கோழிப்பண்ணையின் தீவனத் தொட்டியையும் ஒருசேரத் தொடுகின்றன. அத்தொடர்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கினால் காரவள்ளி அடிவாரம் வரும். மேலே மிளகும் பலாவும் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. கீழே நாமக்கல் சமவெளியிலோ காட்சி வேறு. சாலைகளை ஒட்டி நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து பிற மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கின்றன. பள்ளிச் சத்துணவில் நீங்கள் உண்ட முட்டையும் இம்மாவட்டத்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன், இறால் வளர்ப்பிற்கும் தீவனக் கலவைகளுக்கும் உரியதாகத் தயாரிப்பதோ விற்பதோ வழங்குவதோ கூடாது என்பதே அவ்வாணை. கோழிக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைப் பற்றி நடுவண் நலத்துறை ஏன் கவலைகொள்ள வேண்டும்? இதற்கு விடை காண, அம்மருந்து எதைத் தாக்குகிறது என்பதை அறிய வேண்டும். அது தாக்குவது பாக்டீரியாவின் வெளிச்சவ்வை.

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த அம்பு ஒன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவிய செய்தியை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் கூறுகிறார். மருந்தியலாருக்கு அச்செய்தி வியப்பைவிடப் பொறாமையையே தரும். ஏனெனில், அவர்கள் எய்யும் அம்புகளுள் பல, முதல் தடையிலேயே முனைமழுங்கி விழுந்துவிடுகின்றன. வெளிச்சவ்வே அந்த முதல் தடை.

சாயம் காட்டிய வேறுபாடு

1884ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாக்களை ஊதாச் சாயத்தில் தோய்த்து, அயோடின் இட்டு, பின் ஆல்கஹாலால் கழுவினார். சில வகைகள் ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொண்டன, சில இழந்துவிட்டன. தக்கவைத்தவற்றைக் கிராம் நேர் பாக்டீரியா என்றும் இழந்தவற்றைக் கிராம் எதிர் பாக்டீரியா என்றும் இன்று வழங்குகிறோம். உயிரியல் ஆய்வகத்தில் இச்சோதனையைச் செய்து பார்த்தவர்கள், பின்னர் இடும் சிவப்புச் சாயத்தால் கிராம் எதிர் பாக்டீரியா இளஞ்சிவப்பாகத் தெரிவதைக் கண்டிருப்பார்கள்.

இவ்வேறுபாட்டின் காரணம் கிராமுக்குத் தெரியாது. அதைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கியின் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராம் நேர் பாக்டீரியாவுக்குத் தடித்த ஒரு சுவர் உண்டு. கிராம் எதிர் பாக்டீரியாவின் சுவரோ மெல்லியது. ஆனால் அதற்கும் வெளியே கொழுப்பால் ஆன மற்றுமொரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் அக்கொழுப்புச் சவ்வைக் கரைத்துக் குலைக்கிறது; உள்ளே இருந்த சாயம் மெல்லிய சுவரின் வழியே வழிந்தோடிவிடுகிறது. ஆக, நூற்று நாற்பது ஆண்டுகளாக நாம் செய்துவரும் இந்த எளிய சாயச்சோதனையே வெளிச்சவ்வு சிதையும் நிகழ்வைத்தான் காட்டுகிறது.

நம் குடலில் வாழும் ஈ. கோலை, காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே, டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா, மருத்துவமனைகளில் தொற்றும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் ஆகியன யாவும் கிராம் எதிர் வகையின. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல், புதிய மருந்து மிக உடனடியாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களின் பட்டியலை வெளியிட்டது. அதன் முதல் நிலையில் இடம்பெற்ற அனைத்தும் கிராம் எதிர் வகையினவே. வெளிச்சவ்வு அவற்றுக்குத் தரும் காப்பே இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. கிராம் நேர் பாக்டீரியாவை வீழ்த்தும் வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறு மருந்துகள் இச்சவ்வைக் கடக்க இயலாமல் வெளியே நின்றுவிடுகின்றன. சவ்வில் ஆங்காங்கே நீர்வழித் துளைகள் உண்டு; அவற்றின் வழியே சர்க்கரை, உப்பு போன்ற சிறிய பொருள்களே நுழையமுடியும்.

உலோகத் துகள்கள் பிடித்து நிறுத்தும் மதில்

இச்சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள்ளும் இரண்டு அடுக்குகள் உள்ளன. உள்ளடுக்கு, எல்லா உயிரணுக்களிலும் காணப்படும் பாஸ்போலிப்பிடு. வெளியடுக்கோ லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறால் ஆனது. கொழுப்புப் பகுதி கீழே பதிந்திருக்க, சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டு நிற்கும். இதனை இனிக் கொழுப்புச்சர்க்கரை எனக் குறிப்போம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கொழுப்புச்சர்க்கரையின் அடிப்பகுதியில் பாஸ்பேட் தொகுதிகள் உள்ளன. அவை எதிர் மின்சுமை கொண்டவை. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது இயற்பியலின் தொடக்கப் பாடம். அவ்வாறாயின், எதிர் மின்சுமை கொண்ட இலட்சக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பது எப்படி? இடையிடையே கால்சியம், மெக்னீசியம் அயனிகள் வந்து அமர்கின்றன. இரட்டை நேர் மின்சுமை கொண்ட ஒவ்வோர் அயனியும் அருகருகே உள்ள இரு மூலக்கூறுகளையும் இருகைகளால் பற்றி இழுத்து நிறுத்துகிறது. செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து இருப்பதைப் போன்றது இது. சுண்ணாம்பிலும் கால்சியம் இருப்பது ஓர் இனிய தற்செயல்.

சாந்தை நீக்கினால் மதில் என்னவாகும்? 1965இல் அமெரிக்க அறிவியலாளர் லொரெட்டா லீவ் இதனைச் சோதித்தறிந்தார். ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளை நீங்கள் அறிவீர்கள். நீரின் கடினத்தன்மையை அளவிட அது பயன்படுகிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கவ்விப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. அதனைச் சில மணித்துளிகள் ஈ. கோலையின்மீது செலுத்தியபோது, வெளிச்சவ்வின் கொழுப்புச்சர்க்கரையில் ஒரு பகுதி கழன்று நீரில் கலந்தது. அதுவரை உள்ளே நுழைய இயலாதிருந்த ஆக்டினோமைசின் என்னும் மருந்து எளிதில் நுழைந்தது. இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது மற்றொன்று: மதில் இடிந்தும் பாக்டீரியா இறந்துவிடவில்லை. அதனை ஊட்ட ஊடகத்தில் மீண்டும் வளரவிட்டபோது இழந்த காப்பை அது திரும்பப் பெற்றது.

பத்தாண்டுகள் கழித்து, 1975இல், ஜப்பானிய ஆய்வாளர்களான நாகமுராவும் மிசுஷிமாவும் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஈ. கோலையின் வெளிச்சவ்வைப் பித்தநீரில் காணப்படும் உப்பொன்றால் முற்றிலும் கரைத்துப் புரதம், பாஸ்போலிப்பிடு, கொழுப்புச்சர்க்கரை எனத் தனித்தனியே பிரித்தனர். பின் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, அவ்வுப்பைப் படிப்படியாக நீக்கினர். பிரிந்த பொருள்கள் தாமாகவே கூடிச் சவ்வுப் பைகளாக உருவாயின. ஆனால் அதற்கு மெக்னீசியம் உடனிருக்க வேண்டியிருந்தது. உயிரற்ற சோதனைக்குழாயில், கட்டுபவர் எவருமின்றிக் கட்டடம் எழுந்த நிகழ்ச்சி இது. சவ்வைப் பிரிப்பதும் கூட்டுவதும் மின்சுமையின் கணக்கே என்பது இவ்விரு சோதனைகளாலும் தெளிவாயிற்று. இக்கணக்கை மனத்தில் இருத்துங்கள். பின்னால் வரும் மருந்தின் வெற்றியும் தோல்வியும் இதனைச் சார்ந்தவையே.

தெரிந்து தெளிவோம்

வெளிச்சவ்வு மருந்தால் மட்டுமே பிரிவதன்று. காலரா பாக்டீரியா இயல்பாக வளரும்போதே அதன் வெளிச்சவ்வு கொப்புளம்போல் பிதுங்கிச் சிறு பைகளாக உதிர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 1967இல் வெளியிட்டவர்கள் எஸ்.என். சாட்டர்ஜி, ஜே. தாஸ் என்னும் இந்திய அறிவியலாளர்கள். இத்தகைய சவ்வுப் பைகளைக் கொண்டே மூளையுறைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியொன்று உருவாக்கப்பட்டு 2004இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

சோதனைக்குழாயில் தானே கூடும் சவ்வு, உயிருள்ள பாக்டீரியாவில் அவ்வாறு கூடுவதில்லை. அங்கே கட்டுமானம் மிக விரைவாகவும் ஒழுங்காகவும் நடைபெற வேண்டும். ஏற்ற சூழலில் ஈ. கோலை இருபது மணித்துளிகளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்றின் மேற்பரப்பை மூடப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கொழுப்புச்சர்க்கரை மூலக்கூறுகள் வேண்டும். அப்படியானால் ஒரு மணித்துளிக்கு ஐம்பதாயிரத்திற்குக் குறையாமல் அவை மதிலுக்கு வந்துசேர வேண்டுமல்லவா? அவை உருவாகும் இடமோ உட்சவ்வு. இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட நீர்மப் பகுதியில், உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. கிடையாது. அகழியின் நடுவே விளக்கும் இல்லை, எரிபொருளும் இல்லை எனலாம்.

இயற்கை இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. ஏழு வகைப் புரதங்கள் சேர்ந்து உட்சவ்விலிருந்து வெளிச்சவ்வுவரை ஒரு பாலம் அமைக்கின்றன. உட்சவ்வின் பக்கமுள்ள பொறி, ஏ.டி.பி.யைச் செலவிட்டு ஒவ்வொரு மூலக்கூறாகப் பாலத்திற்குள் தள்ளுகிறது. பின்னால் வருவது முன்னால் இருப்பதை உந்த, அனைத்தும் வரிசையாக நகர்ந்து வெளிப்புறத்தை அடைகின்றன. வெளிச்சவ்வின் துளைப்புரதங்களை அதற்குரிய இடத்தில் மடித்துப் பொருத்த வேறொரு புரதத் தொகுதி உள்ளது. அதன் மையப் பகுதி 2003இல் அடையாளம் காணப்பட்டது.

அம்பும் அதன் முறிவும்

1940களின் இறுதியில் ஜப்பானில் மண்வாழ் பாக்டீரியம் ஒன்றிலிருந்து கோலிஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு பாக்டீரியம் பிற பாக்டீரியாக்களை வெல்லத் தானே செய்துகொண்ட படைக்கலம் அது. அதன் அமைப்பு எளிது: வளையமாகச் சுருண்ட ஒரு தலை, கொழுப்பால் ஆன ஒரு வால். தலையில் ஐந்து நேர் மின்சுமைகள். வெளிச்சவ்வை நெருங்கியதும், கால்சியமும் மெக்னீசியமும் பற்றிநின்ற பாஸ்பேட்டுகளை இத்தலை அவற்றைவிட வலுவாகப் பற்றிக்கொள்கிறது, அயனிகள் வெளியேற்றப்படுகின்றன. சாந்து உதிர்ந்த இடத்தில் வால் உள்ளே புகுந்து சவ்வைக் கிழிக்கிறது. லீவ் ஈ.டி.டி.ஏ.யைக் கொண்டு செய்ததை, கோலிஸ்டின் வேறு வகையில் செய்கிறது. ஆனால் அது அத்துடன் நிற்பதில்லை. கொழுப்புச்சர்க்கரை உட்சவ்வில் உருவாகிறது என்று கண்டோம். மதிலுக்குச் செல்லும்முன் அங்கே தங்கியிருக்கும் மூலக்கூறுகளையும் கோலிஸ்டின் பற்றி உட்சவ்வையும் உடைக்கிறது என்பதை 2021இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினர். ஓரியின் அம்புபோல் இரண்டு தடைகளையும் ஊடுருவும் மருந்து இது.

இத்துணை ஆற்றல் இருந்தும், சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் இதனைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தனர். பாதுகாப்பான பிற மருந்துகள் அப்போது இருந்தன. கால்நடைத் தீவனத்தில் மட்டும் இது தொடர்ந்தது. விலை குறைவு, இளங்குஞ்சுகளின் ஈ. கோலைத் தொற்றைத் தடுக்கும்; எடை கூடவும் உதவும் என்று கருதப்பட்டது.

நிலைமை 2010இல் தெளிவாக மாறியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக அமைந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று அவ்வாண்டு வெளிவந்தது. கார்பபெனம் எனப்படும் மிக வலிய மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இருந்ததை அது அறிவித்தது. நொதியின் பெயரில் புது தில்லி இடம்பெற்றது குறித்து நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. பெயரைப் பற்றிய சினத்தில் ஒரு பங்கேனும் பொருளைப் பற்றி எழுந்திருக்கலாம். இரண்டாண்டுகளில், 2012 ஆகஸ்டில், நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் ‘சென்னைப் பிரகடன’த்தை உருவாக்கின. கார்பபெனமும் பயனற்றுப்போன நோயாளிக்கு மருத்துவர் கையில் எஞ்சிய மிகச்சில மருந்துகளுள் ஒன்று, ஒதுக்கிவைத்திருந்த கோலிஸ்டின். சிறுநீரகத்துக்குத் தீங்கு நேரலாம் என்று அறிந்தே அதனைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடைசி அம்பும் முறியத் தொடங்கியதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பன்றிகளிடமும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் எடுத்த ஈ. கோலையில் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு காணப்பட்டது. அது உருவாக்கும் நொதி செய்வது ஒரு சிறு மாற்றமே. கொழுப்புச்சர்க்கரையின் பாஸ்பேட்டின்மீது, நேர் மின்சுமையுள்ள ஒரு சிறு தொகுதியை ஒட்டிவிடுகிறது. எதிர் மின்சுமை குறைகிறது. கோலிஸ்டினின் தலைக்குப் பற்றுக்கோடு இல்லாமற்போகிறது. மதில் இடிக்கப்படவுமில்லை, தடித்துவிடவுமில்லை. செங்கல்லின் ஒரு முனையில் மின்சுமை மாறியது, அவ்வளவே.

இம்மரபணு அமைந்திருக்கும் இடம் கவலையை மிகுவிக்கிறது. அது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் உள்ளது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்கு, இனம் கடந்தும், கைமாறக்கூடியது. தீவனத்தில் குறைந்த அளவில் நாள்தோறும் கலக்கப்படும் மருந்து எல்லாப் பாக்டீரியாக்களையும் கொல்வதில்லை. எதிர்க்கும் ஆற்றல் உடையவற்றை மட்டும் பிழைக்கவிட்டுப் பெருகச் செய்கிறது. கோலிஸ்டின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் எச்சத்துடன் வெளியேறுகிறது. எச்சம் எருவாகி வயலுக்குச் செல்கிறது. அங்கிருந்து நீருக்கும் மனிதர் குடலுக்கும் வழி நெடியதன்று.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளைச் சொல்லாவிட்டால் இப்பாடம் தவறான எண்ணத்தை விதைத்துவிடும். முட்டையை அஞ்ச வேண்டுவதில்லை; நன்கு வேகவைத்தால் அதிலுள்ள பாக்டீரியா அழியும். கோழி வளர்ப்பவரை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவதும் நேர்மையன்று. இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா காட்டும் கோலிஸ்டின் எதிர்ப்பு, பெரும்பாலும் அப்பாக்டீரியாவின் சொந்த மரபணுவில் நேரும் திடீர்மாற்றத்தால் வருவது. நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுக்கும் முறையும் அதற்குக் காரணம். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் தாமே வாங்கி, இரண்டு நாள் விழுங்கி நிறுத்திவிடும் நம் வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. உயிர் எதிர்ப்பொருள் மாத்திரை அட்டையின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் உண்ணக்கூடாது என்பதன் அடையாளம் அது.

2019இன் தடையால் பண்ணையாளருக்குச் சுமை கூடியது உண்மை. மலிவான ஒரு காப்பு கைவிட்டுப் போயிற்று. அதன் இடத்தைக் குடிநீரைக் குளோரின் இட்டுத் தூய்மை செய்தல், கொட்டகையில் ஈரம் தங்காமல் காத்தல், தடுப்பூசி, குஞ்சுகளை நெருக்கமின்றி வளர்த்தல் என உழைப்பைக் கேட்கும் பல செயல்களே நிரப்பவேண்டும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அமைந்திருப்பது இம்மாவட்டத்துக்கு ஒரு நல்வாய்ப்பு.

இத்தகைய தடை பயன் தருமா என்பதற்குச் சீனாவிலிருந்தே விடை வந்தது. அந்நாடு 2017இல் வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் விலங்குகளிடமும் மனிதரிடமும் எம்.சி.ஆர்.-1 மரபணு குறைந்துவந்ததை 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இதன் காரணமும் சவ்விலேயே உள்ளது. மாற்றியமைத்த மதிலைத் தாங்குவது பாக்டீரியாவுக்கு எளிதன்று. அந்நொதி மிகுதியாகச் செயற்பட்டால் அதன் வெளிச்சவ்வே குலைந்து, வளர்ச்சி தளர்கிறது. மருந்து சூழ்ந்திருக்கும்வரை அவ்விலை கொடுத்தும் வாழ்வது ஆதாயம். மருந்து விலகியபின், பழைய மதிலுடைய பாக்டீரியாக்களோடு போட்டியிட்டு அது பின்தங்குகிறது.

புதிய அம்புகளைத் தேடுவோர் இப்போது மதிலைக் குறிவைப்பதைவிட அதைக் கட்டுபவரைக் குறிவைக்கின்றனர். 2024 ஜனவரியில் வெளியான ஆய்வுகள் சோசுராபல்பின் என்னும் மூலக்கூறை அறிமுகப்படுத்தின. ஏழு புரதப் பாலத்தின் தொடக்கத்திலேயே அது கொழுப்புச்சர்க்கரையைச் சிக்கவைத்து நிறுத்துகிறது. மதிலுக்குச் செங்கல் வந்துசேராமல் உள்ளேயே தேங்கிப் பாக்டீரியா மடிகிறது. இம்மருந்து மனிதரிடம் சோதிக்கப்படும் நிலையை எட்டியுள்ளது. எனினும் அது வெல்வது அசினெட்டோபாக்டரை மட்டுமே. கிளெப்சியெல்லாவிலும் ஈ. கோலையிலும் அதே பாலம் சற்றே வேறுபட்ட வடிவில் உள்ளதால், அங்கே செங்கற்கள் இன்னும் தடையின்றிச் சென்றுகொண்டிருக்கின்றன.